பின்சீற்றில் இவர்

மே 3, சனி

இன்று எனக்கு ஓய்வு நாள். கத்தரிக்காய்க் குழம்பில் புளி கூடிவிட்டது. இவர் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர்தான் கேட்டுக்கொண்டே இருந்தார்.

பின்னேரம் ஓர்ஹுஸிலிருந்து நிலக்சி போன் எடுத்தாள். அங்கே படிக்கிறாள். "மோர், நான் ஒண்டு செய்திட்டன், சத்தம் போடக் கூடாது" என்றாள். டெனிஷில் மோர் என்றால் அம்மா. பேசத் தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறாள். எனக்கு இன்னும் வெயிலுக்குக் குடிக்கிற மோர்தான் ஞாபகம் வருகிறது.

அவள் செய்த காரியம்: கண் தெரியாதவர்களுக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்க நிதி சேர்க்கும் சைக்கிள் பயணம் ஒன்று இருக்கிறதாம். எங்கள் ஊர் பிராண்டேயில் தொடங்கி, வைலே போய், சின்னச் சின்ன ஊர்களுக்குள்ளால் ஏறி சில்க்போர்க்கில் முடியும். ஐந்து நாள். இருவர் உழக்கும் நீளச் சைக்கிள். அதற்கு அம்மா பெயரையும் அப்பா பெயரையும் கொடுத்துவிட்டாள்.

"ஆர் முன்னுக்கு இருக்கிறது?" என்று கேட்டேன்.

கேட்டபிறகுதான் யோசித்தேன். வேறு ஆர்?

மே 4, ஞாயிறு

இவருக்குச் சொன்னேன். எதிர்பார்த்தது போலவே:

"எனக்கு நாயும் வேண்டாம், சைக்கிளும் வேண்டாம்."

இருபது வருஷத்துக்கு மேல் லொறி ஓடிய மனிதர். இந்த யூட்லாந்துப் பகுதியில் இவர் போகாத தெரு இல்லை. பிறகு பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிச் சுருங்கி, சாவித்துவாரத்தால் பார்ப்பது போல வந்து, இப்போது வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரியும். லைசென்சைப் பறித்த நாளோடு மனிதர் வீட்டுக்குள் ஒடுங்கிவிட்டார். டொக்டரிடம் மட்டும் போவார், அதுவும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு. கொம்யூன், அதுதான் இங்கத்தை நகரசபை, கொடுத்த வெள்ளைத் தடி அலுமாரிக்குப் பின்னால் கிடக்கிறது.

"ரெண்டு பேரும் உதில போனால் சனம் பாக்கும்" என்றார்.

"நீங்கள் பாக்கமாட்டியள்தானே, பிறகென்ன?"

வாய் தவறி வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.  இவர் வயிறு குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார். இவர் அப்படிச் சிரித்து எவ்வளவு காலம்.

"சரி, வாறன். ஆனால் கியரை எப்ப மாத்திறதெண்டு நான்தான் சொல்லுவன்."

மே 11, ஞாயிறு

முதல் பயிற்சி. சுப்பர்மார்க்கெட்டின் கார் நிறுத்துமிடம். சைக்கிளைக் கொண்டுவந்தவர் பெண்ட், பயணத்துக்குப் பொறுப்பானவர், ஓய்வுபெற்ற தபால்காரர். சொற்களைத் தபால்தலை போலச் சிக்கனமாகச் செலவழிக்கிறார்.

நான் கடைசியாகச் சைக்கிள் ஓடியபோது பின்னால் கட்டியிருந்தது பள்ளிக்கூடப் புத்தகம். இப்போது பெரிய ஆள் ஒருவர், வாயோடு.

"பிறேக் பிடிக்காதையும்! உழக்கும்! உழக்கும்!"

விழுந்தோம். அது அவ்வளவு நோகவில்லை. எழும்பி மீண்டும் ஏறினோம், மீண்டும் விழுந்தோம், இந்த முறை கடையின் தள்ளுவண்டில்கள் அடுக்கியிருந்த இடத்தில். பெண்ட் வந்து எங்களைப் பார்த்து, சைக்கிளையும் பார்த்து, "சைக்கிள் நல்லாயிருக்கிறது" என்றார்.

மே 25, ஞாயிறு

இன்று விழவில்லை. பாராட்ட ஒருவரும் இல்லை. பின்சீற்றிலிருந்து வந்த ஒரே வாசகம்: "வளைவில உமக்குப் பயம், எனக்குத் தெரியுது."

பயம்தான். ஆருக்குப் பயம் இல்லை?

யூன் 10, செவ்வாய்

நாளைக்குப் புறப்பாடு. பொதி கட்டியாகிவிட்டது. முறுக்கு, மிளகாய்த்தூள், நோவெண்ணெய், அலுமாரிக்குப் பின்னால் கிடந்த தடி. நிலக்சி அனுப்பிய சைக்கிள் களிசானைப் போட்டுப் பார்த்தேன். பின்பக்கத்தில் தலையணை வைத்துத் தைத்திருக்கிறார்கள். அதன்மேல் சுரிதார் போட்டால்தான் மனுஷியாகத் தெரிகிறேன். இவர் தன்னுடையதைப் போட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, "உது களிசானே, மெத்தையே?" என்றார்.

யூன் 11, புதன்

காலையில் பெரிய கூத்து.

எங்களை வழியனுப்ப ஊர்த் தமிழ்ச் சனம் கொஞ்சம் வந்திருந்தது. சுசீலாதேவியக்கா திருநீற்றோடு வந்து, கேட்காமலே குனிந்து எங்கள் சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்தா. பெண்ட் என்ன என்று கேட்டார். புது வாகனத்துக்குக் கண்ணூறு படாமல் இருக்க, ஏறி நசித்துக்கொண்டு போக வேண்டும் என்று சொன்னேன். உடனே பக்கத்துச் சைக்கிள்காரர் தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். பிறகு எல்லாருக்கும் வேண்டும். தேசிக்காய் முடிந்துவிட்டது. அக்கா வீட்டுக்கு ஓடிப்போய்க் கொண்டுவந்தது உருளைக்கிழங்கு.

"கிழங்குக்கும் வேலை செய்யுமோ அக்கா?"

"டெனிஷ்காரருக்குக் கிழங்குதானே பிள்ளை பொருத்தம்."

பெண்ட் தன் கிழங்கை மரியாதையாக ஏறி நசித்தார்.

கிவே வரை ஓடினோம். இவர் வழி சொன்னார். எனக்குக் கண் இருக்கிறது, தெருவில் பலகை இருக்கிறது, முன்னால் சைக்கிள்கள் போகின்றன. ஆனாலும் வழி சொன்னார். "இப்ப வலப்பக்கம் ஒரு பெற்றோல் ஸ்டேசன் வரும்." வரவில்லை, அந்த இடத்தில் தளபாடக் கடை. "இதில ஒரு மஞ்சள் வீடு." வெள்ளை. "ஆரைக் கேட்டு மாத்தினவங்கள்?" என்று கோபித்துக்கொண்டார்.

தங்குமிடம் ஒரு விளையாட்டு மண்டபம். தரையில் மெத்தை. உட்கார முடியவில்லை, குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

யூன் 12, வியாழன்

முழு நாளும் மழை. முழு நாளும் இவர் கதை. எது முதலில் ஓயும் என்று பார்த்தேன். மழை.

வைலே வந்து சேர்ந்து, சாப்பாட்டு மேசையில் இங்கர் என்ற மனுஷிக்குப் பக்கத்தில் இருந்தோம். எழுபது தாண்டியவர், பிறவியிலிருந்தே பார்வை இல்லை. அவருடைய நாய் வீகோ பகலில் பொதிகளோடு வான் வண்டியில் வந்து, மாலையில் அவர் காலடியில் கிடக்கும். இவருக்கு நாய் என்றால் சின்ன வயதிலிருந்தே உதறல். வீகோவுக்கு இவரென்றால் உயிர். காரணம் சட்டைப் பையிலிருக்கும் முறுக்கு.

"தவம், என்ர முழங்காலில ஏதோ சூடா மூச்சு விடுது" என்று என்னை இடித்தார்.

"அது நாய்."

"எனக்குத் தெரியும் நாயெண்டு. எடுக்கச் சொல்லும்!"

நான் வழமைபோல இவருக்குக் கறுத்தப் பாணில் பட்டர் பூசிக் கொடுத்தேன். இங்கர் என் பக்கம் திரும்பி, "அவருக்குக் கை இல்லையா?" என்று கேட்டார்.

"ஏன்?"

"கத்திச் சத்தம் இரண்டு தரமும் உன் பக்கத்திலிருந்துதான் வந்தது."

முகம் எரிந்தது. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் பழக வரும் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக் கொடுப்பேன்: ஆட்கள் தாங்களாகச் செய்யக்கூடியதை நீங்கள் பறித்துச் செய்யக் கூடாது என்று. தொண்ணூறு வயதுக் கிழவியைச் சேட்டுப் பொத்தான் பூட்ட விட்டு, பக்கத்தில் பொறுமையாக நிற்பேன். வீட்டில் வந்து இவருக்கு மீன் முள் எடுத்துக் கொடுக்கிறேன்.

இவர் பாணைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, "நல்லாப் பூசியிருக்கிறீர்" என்றார். அதற்கும் எரிந்தது.

யூன் 13, வெள்ளி

இதை எப்படி எழுதுவது. அழுகை வருகிறது. சிரிப்பும் வருகிறது.

வைலேயிலிருந்து வடக்கே மேடும் பள்ளமுமாக ஏறி, பெயரை எழுதினால் பேனா சுளுக்குகிற ஒரு சிற்றூரில் பேக்கரி ஒன்றுக்கு முன்னால் நின்றோம். எல்லாரும் கோப்பி குடித்துப் புறப்பட்டார்கள். நாங்கள்தான் எப்போதும் கடைசி. நான் ஏறி, காலை ஊன்றி, "ஏறீற்றியளே?" என்று கேட்டேன். "ஓம்" என்று கேட்டது. உழக்கினேன்.

சைக்கிள் பஞ்சு போலப் போனது. இரண்டு நாள் ஓடியதில் கால் பலப்பட்டுவிட்டது என்று நினைத்தேன். காற்றும் முதுகுப் பக்கம். பின்னால் ஒரு சத்தம் இல்லை. கியர் இல்லை, பிறேக் இல்லை, மஞ்சள் வீடு இல்லை. நேற்றைய பட்டர் கதையில் யோசித்துப்போய் இருக்கிறார் போல, இதுதான் சமயம் என்று நான் கதைக்கத் தொடங்கினேன்.

என்னவெல்லாம் சொன்னேன். எனக்குக் களைப்பு என்று சொன்னேன். வேலை முடிந்து கார் நிறுத்துமிடத்தில் கொஞ்ச நேரம் அழுதுவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறேன் என்று சொன்னேன். "உங்களுக்குக் கண் போனது, எனக்குப் புருஷன் போனது மாதிரி இருக்கு. வீட்டுக்குள்ள ஒரு ஆளைப் பராமரிக்கிறன், ஆனால் நீங்கள் எங்க போனியள்?" என்று கேட்டேன். இடையில் ஒரு சொல் இல்லை. கலியாணம் கட்டிய நாளிலிருந்து நான் ஒரு வசனத்தை முடிக்க இவர் விட்டதில்லை. மனிதர் கேட்கிறார், கலங்கிப்போய் இருக்கிறார் என்று எனக்கும் கண் நிறைந்தது.

"ஏதாவது சொல்லுங்கோவன்" என்று திரும்பினேன்.

சீற்றில் ஆள் இல்லை.

விழுந்துவிட்டார் என்றுதான் முதல் நினைப்பு. எங்கே? எப்போது? நான் எவ்வளவு தூரம் வந்துவிட்டேன்? இவருடைய போன் என் பையில். வெள்ளைத் தடி சட்டத்தில் கட்டியபடி என் காலுக்குப் பக்கத்தில். சைக்கிளைத் திருப்பினேன். அது நீளச் சைக்கிள், ஒடுங்கிய தெரு, ஒரு உழவு இயந்திரக்காரன் எனக்காக நின்று தொப்பியைக் கழற்றினான். போகிற வழியெல்லாம் வடிகாலுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு, பிள்ளையாரே பிள்ளையாரே என்று உழக்கினேன்.

பேக்கரி வாசலில் ஆள் இல்லை. உள்ளே நின்ற பிள்ளை சொன்னாள்: "சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார். உதவி வேண்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார்."

வேண்டாமாம்!

சுவர் முடிகிற இடத்தில் ஒரு சின்னத் தெரு. அதற்கு அப்பால் ஒரு மதுச்சாலை. உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம். கதவைத் தள்ளினேன். நாலைந்து கிழவர்கள், நடுவில் தோல் குவளையைக் குலுக்கிக்கொண்டு இவர். முன்னால் பியர். குவளையைக் கவிழ்த்து, தாயக்கட்டைகளை விரல் நுனியால் தடவி, "மூன்று ஆறு" என்று டெனிஷில் அறிவித்தார். ஒரு கிழவர் மேசையில் குத்தி, "இவனுக்குக் கண் தெரியாது என்று நான் நம்பமாட்டேன்!" என்று கத்தினார்.

"ஆர், தவமே?" என்றார் இவர், என் மூச்சிரைப்பைக் கேட்டு. "வந்திட்டீரே. கொஞ்சம் பொறும், இன்னும் ஒரு ஆட்டம் கிடக்கு."

அதற்குப் பிறகு நான் தமிழில் சொன்னதை இங்கே எழுத முடியாது. கிழவர்களுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. ஒருவர் எழும்பித் தன் கதிரையைத் தந்தார், இன்னொருவர் பியரைத் தள்ளினார். பாதியைக் குடித்தேன். கசப்பு. குடித்துவிட்டு அழுதேன்.

"நீங்கள் ஓம் எண்டு சொன்னியள்!"

"'ஓம் ஓம், பொறும், சப்பாத்துக் கட்டுறன்' எண்டு சொன்னனான். நீர் முதல் ஓமோட போயிட்டீர்."

யூன் 14, சனி

இன்று மெதுவான நாள். மதியம் ஏரிக்கரை ஒன்றில் இறங்கினோம். மற்றவர்கள் தண்ணீரில் கால் நனைக்கப் போனார்கள். நானும் இவரும் மட்டும் புல்லில்.

நேற்று அந்த வாசலில் தனியே நின்றபோது என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"கூப்பிட்டன். நீர் போன சத்தம் கேட்டது. பிறகு ஒண்டுமில்லை. தூண் மாதிரி நிண்டன். வருவீர் எண்டு தெரியும். ஆனால் நிக்க நிக்க வெக்கமாக் கிடந்துது. தூரத்தில ஆரோ சிரிச்சாங்கள். சுவரில கையை வைச்சு நடந்தன். சுவர் முடிஞ்ச இடத்தில கை காத்தில நிண்டுது. திரும்புவமோ எண்டு யோசிச்சன். பிறகு தெருவைக் கடந்தன்."

"கார் வந்திருந்தால்?"

"வரேல்லைத்தானே. தவம், ரெண்டு வருஷத்தில நான் தனியப் போன முதல் இடம் அது. நீர் விட்டுட்டுப் போனதுதான் இந்தப் பயணத்தில நடந்த நல்ல விஷயம்."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திருப்பினாலும் இவருக்குத் தெரியவா போகிறது.

பிறகு கேட்டார்: "நேத்து அந்தக் கிழவங்களில ஒருத்தன் சொன்னான், நீர் ஏதோ கதைச்சுக் கதைச்சு அந்தப் பக்கத்தால போனதைக் கண்டதெண்டு. ஆரோட கதைச்சனீர்?"

"உங்களோட."

"என்னவாம்?"

வெறும் சீற்றுக்குச் சொன்னது சுலபம். ஆளுக்கு முன்னால் சொல்ல நாக்கு எழும்பவில்லை. புல்லைப் பிடுங்கிக்கொண்டு சொன்னேன். களைப்பைச் சொன்னேன். கார் நிறுத்துமிடத்தைச் சொன்னேன். கடைசி வசனத்தையும் சொன்னேன். இவர் இந்த முறையும் குறுக்கே ஒன்றும் சொல்லவில்லை. கையை நீட்டி இருக்கிறாரா என்று தொட்டுப் பார்த்தேன். இருந்தார்.

பிறகு சொன்னார்:

"நான் பின்னுக்கிருந்து கத்திறது உமக்கு ஓடத் தெரியாதெண்டில்லை. நீர் முன்னுக்கு இருக்கிறீர். எது வந்தாலும் முதல் உமக்குத்தான் அடிக்கும். எனக்கு அது வாறது தெரியாது. அந்தப் பயத்தில வாய் தன்ர பாட்டில போகுது."

இத்தனை நாளாக அது அதிகாரம் என்று நினைத்திருந்தேன்.

"அப்ப வாயைக் கொஞ்சம் குறைக்கலாமே?"

"பாப்பம்" என்றார்.

பின்னேரம் ஒரு பெரிய ஏற்றம். இவர் வாய் திறக்கவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை, உச்சி வரை, "இருக்கிறியளே? இருக்கிறியளே?" என்று கேட்டுக்கொண்டு ஏறினேன்.

யூன் 15, ஞாயிறு

சில்க்போர்க். காட்டுக்குள்ளால் இறங்கி, ஏரிக்கரையால் ஊருக்குள் வந்தோம். பிராஸ் வாத்தியம், கொடி, தோரணம். நாங்கள் கடைசி, அதனால் எங்களுக்குத்தான் கைதட்டல் அதிகம்.

நிலக்சி அப்பாவைப் பிடித்து இறக்க ஓடி வந்தாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். இவர் தடியை அவிழ்த்து, தானாக இறங்கி, நேராகப் போய் வாத்தியக்காரரின் பெரிய மேளத்தில் முட்டினார். மேளம் "டும்" என்றது. சனம் அதையும் நிகழ்ச்சி என்று நினைத்துக் கைதட்டியது. இவர் தலையைக் குனிந்து வணங்கினார்.

பேச்சுகள் நீண்டன. வீகோ வந்து இவர் பாதத்தின் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. "தவம், கால் விறைச்சிட்டுது" என்று கிசுகிசுத்தார். "எடுங்கோவன்" என்றேன்.

"நித்திரை கொள்ளுது, பாவம்."

யூன் 16, திங்கள்

வேலை. நின்றுகொண்டே சாப்பிட்டேன். ஏன் என்று எல்லாரும் கேட்டார்கள்.

ஓகஸ்ட் 20, புதன்

ஹேர்னிங்கில் தடி பிடித்து நடக்கப் பழக்கும் வகுப்பு தொடங்கியிருக்கிறது. கிழமைக்கொரு தரம். இன்று நான் காரில் கொண்டுபோய் விட்டேன். நாய்க்கு எழுதிக் கொடுப்பமோ என்று ஆசிரியை கேட்டாளாம்.

"முதல் நான் நடக்கப் பழகுறன். பிறகு நாயைப் பற்றிக் கதைப்பம் எண்டு சொன்னனான்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "தமிழ் விளங்கிற நாய் இருக்குமோ?" என்றும் கேட்டார்.

செப்ரெம்பர் 24, புதன்

இனி ரயிலில் தனியே போகிறாராம். சண்டை. நான் தோற்றேன்.

ஒக்ரோபர் 8, புதன்

போனார். வந்தார். நான் வேலையில் இரண்டு பேருக்குக் கோப்பியை மாற்றிக் கொடுத்திருக்கிறேன்.

நவம்பர் 12, புதன்

ஓய்வு நாள். வெளியே நசநசத்த மழை, நாள் முழுக்க விளக்குப் போட்டபடி. மத்தியானம் போன் அடித்தது.

"தவம், நான் வைலேயில நிக்கிறன்."

"வைலேயிலயோ? ஹேர்னிங் மற்றப் பக்கமெல்லே!"

"ஓம், இறங்கினாப் பிறகுதான் விளங்கினது. பிராண்டேயில பிழையான பக்கம் ஏறீட்டன்."

"அசையாதையுங்கோ. அதிலயே நில்லுங்கோ. நான் காரில வாறன்."

"வேண்டாம். ஒரு பெட்டையிட்டக் கேட்டிட்டன், எந்தத் தண்டவாளமெண்டு சொன்னவள். இண்டைக்கு வகுப்புப் போச்சு, அவ்வளவுதான். நீர் சாப்பிடும்."

வைத்துவிட்டார். நான் கோட்டைப் போட்டு, ஒரு காலில் சப்பாத்தும் போட்டு, சாவியோடு கதவடியில் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. பிறகு சப்பாத்தைக் கழற்றினேன். சோறு போட்டுச் சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை, ஆனால் சாப்பிட்டேன்.

இருட்டத் தொடங்கிய பிறகு வாசலில் தடி தட்டுகிற சத்தம். பிறகு சாவி கதவில் துவாரத்தைத் தேடுகிற சத்தம். மேலே ஒருக்கால், கீழே ஒருக்கால், பூட்டின் விளிம்பில் ஒருக்கால்.

கதிரையிலிருந்து எழும்பினேன். திரும்ப இருந்தேன். தேடட்டும்.